இடது கைக் கத்திக்கு ஒரு ஸ்பிரிங்

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு ஹனூரில் மைசூர் பஸ் ஏறினேன். கையில் டிபன் பாக்ஸ். அதில் சோறு இல்லை. ஈரத்துணியில் சுற்றிய ஆறு மாங்குச்சிகளும் உடைந்த மடக்குக் கத்தி ஒன்றும் இருந்தன.

நான் நர்சரியில் மா ஒட்டுக் கட்டுகிறவள். பதினோரு வருஷம் ஆகிறது. இடது கைக்காரி. ஒட்டுக் கத்தியின் அலகு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. தட்டைப் பக்கம் குச்சியில் படிந்தால்தான் வெட்டு நேராக வரும். கடையில் தொங்குவதெல்லாம் வலது கைக்குத் தீட்டியவை. என்னுடையது இடது கைக்கென்றே செய்தது. கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் அதன் முதுகு ஸ்பிரிங் உடைந்தது. பிடிப்பு போன அலகு என் ஆள்காட்டி விரல் மேலேயே மடங்கியது. நான்கு தையல்.

முதலாளி என் விரலில் இருந்த கட்டைப் பார்த்தார். "இதுதான் சமயம் அம்மிணி. வலது கைல பழகிக்கோ. திங்கக்கெழம புதுக் கத்தியோட வா. முடியாதுன்னா மண்ணுப் பை ரொப்பற பக்கம் போயிரு" என்றார்.

திங்கள் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இங்கே கர்நாடகத்தில் அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஆதார் காட்ட வேண்டும். இடது கையால் நீட்டினேன். காலை நேரத்தில் அந்தக் கையா என்று கன்னடத்தில் கேட்டார் கண்டக்டர். வலது கைக்கு மாற்றினேன். பழகிப்போன விஷயம்.

கொள்ளேகால், நரசிபுரம் தாண்டி எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒன்பது மணிக்கு மைசூர். இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் சந்தேபேட்டைக்கு ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். நடந்தேன்.

ஒன்பதரை. இரண்டு கடையில் தலையை மட்டும் ஆட்டினார்கள். மூன்றாவது கடைக்காரர் தமிழர். கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது நிறுத்தி எஷ்டோ வருஷம் ஆச்சும்மா. எடது கைக்குன்னு யாரு வந்து கேக்கறா?"

"நான் கேக்கறனுங்க."

"நீங்க ஒருத்தர் கேட்டா கம்பெனி ஓடுமா?"

கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். அதே கம்பெனி, அதே அளவு, வலது கை. கடைசிப் பீஸ். ஐந்நூற்று இருபது ரூபாய். நான் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தேன். அந்தக் கத்தியை இடது கையில் பிடித்து அதில் இரண்டு சாய்வெட்டு போட்டேன். வெட்டு முகங்களைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நடுவில் பிறை போலச் சந்து தெரிந்தது. சந்து விட்டால் ஒட்டு பிடிக்காது.

"பழகினா வந்துரும்மா. எம் மகளுக்கும் எடது கைதான். கரண்டி புடிக்கறப்ப தட்டித் தட்டி மாத்திட்டோம்."

"மாறிட்டாங்களா?"

அவர் பெட்டியைப் பூட்டினார். "யாரும் பாக்காதப்ப எடது கைலதான் திங்கறா."

நான் நகரவில்லை. மண்டி மொஹல்லாவில் செல்வராஜ் என்று ஒருவர் டெய்லர் கத்திரி ரிப்பேர் செய்கிறார், அவரைப் பாருங்கள் என்றார். பத்து நிமிட நடை.

செல்வராஜ் வாசலில் சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே கத்திரிகள் தொங்கின. என் கத்தியை விரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நான் ஸ்பிரிங் அடிச்சுக் கொடுத்தா ஒரு மாசம் நிக்கும் அக்கா. அப்புறம் மறுபடி உங்க விரல்தான். இதே கம்பெனி ஸ்பிரிங் வேணும்."

"வலது கைக் கத்தியோடது சேருங்களா?"

"அலகுதான் வேற. ஸ்பிரிங் ஒண்ணேதான்."

திரும்பி நடந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பாத்தீங்களா, கடைசில புத்தி வந்துருச்சு." ஐந்நூற்று இருபதைக் கொடுத்தேன். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு மறுபடி மண்டி மொஹல்லாவுக்கு நடந்தேன்.

பதினொன்றரை. காகிதத்தைப் பிரித்த செல்வராஜ் கையை எடுத்துக்கொண்டார்.

"புதுசு இது! இதையா உடைக்கச் சொல்றீங்க?"

"ஆமாங்க."

"நல்ல கத்தியக் கொன்னு கெட்டதப் பொழைக்க வைக்கறதா?"

"எது நல்ல கத்தின்னு எனக்குத் தெரியுமுங்க."

"கழட்டறப்ப ஸ்பிரிங் விரிசல் விட்டுச்சுன்னா ரெண்டும் போச்சு அக்கா."

"போகட்டும்."

என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஆணித் தலையை அரம் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஆனது. புது ஸ்பிரிங்கில் விரிசல் விழவில்லை. பழைய கத்திக்குள் போனது. ஆணிக்கு சைக்கிள் போக்ஸ் கம்பியை வெட்டி அடித்தார். மடக்கி விரித்தார். டக்கென்று நின்றது.

"சாணையும் பிடிச்சுத் தர்றேன், சும்மாவே" என்று சக்கரத்தைச் சுழற்றினார். அலகைத் திருப்பிக் கொண்டுபோனார். வலது கைக் கத்தியில் சரிவு வரும் பக்கம் அது; இதில் தட்டைப் பக்கம். அந்தப் பக்கம் கல்லில் பட்டால் கத்தி முடிந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இடது கையால்தான். தையல் சுரீரென்றது.

"அந்தப் பக்கம் இல்லீங்க!"

நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ. தெரியும் அக்கா. கை தானாப் போயிருச்சு."

"என் கையும் அப்படித்தானுங்க."

அவர் அலகைத் திருப்பினார். சரிவுப் பக்கத்தைத் தீட்டி, பிடியை என் பக்கம் வைத்துக் கொடுத்தார். இரண்டு சாய்வெட்டு போட்டேன். முகங்களைச் சேர்த்துத் தெரு வெயிலில் பிடித்தேன். சந்து இல்லை. அவரும் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். நூற்றைம்பது ரூபாய். அனாதையான வலது கை அலகை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மைசூர் போய் அரண்மனை பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். பார்க்கவில்லை. சந்தேபேட்டைக்கும் மண்டி மொஹல்லாவுக்கும் நடுவே மூன்று தரம் நடந்தேன். ஹனூரில் ஒரு கடைதான் 'இல்லை' என்று சொல்லும். மைசூரில் வரிசையாகச் சொல்வார்கள். பெரிய ஊர் என்றால் அவ்வளவுதான்.

முதலாளி புதுக் கத்தியோடு வரச் சொல்லியிருக்கிறார். கொண்டுபோகிறேன். அது பழைய கத்திக்குள் இருக்கிறது.

இரண்டே முக்காலுக்கு ஹனூர் பஸ். வேறு கண்டக்டர். ஆதாரை இடது கையால் நீட்டினேன். அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். காத்திருந்தார். வலது கை என் மடியில் சும்மாதான் கிடந்தது. கிடக்கட்டும் என்று நானும் காத்திருந்தேன். பின்சீட்டில் யாரோ டிக்கெட் டிக்கெட் என்று கத்தினார்கள். கண்டக்டர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

அதையும் இடது கையில்தான் வாங்கினேன்.