அத்தையைக் கொடுத்து வாங்கிய ஆட்டக்காரி

அப்பா கடையைப் பூட்டாமலே வீட்டுக்கு ஓடி வந்தது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு நாள்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, "கார்டை மாத்திட்டாங்க!" என்று கத்தினார்.

"எந்தக் கார்டு? ரேஷன் கார்டா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ரேஷன் கார்டுக்கு எவனாவது இப்டி ஓடியாருவானா? நம்ம கிளப்புல கார்டு ஆடுற ஆளை மாத்திட்டாங்க. மகாபலிபுரத்துப் பொண்ணு நம்ம டீமுக்கு வருது!"

"அப்ப நம்ம வூட்டுப் பொண்ணு?"

அப்பா அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார். "அவளைத்தான் குடுத்துட்டாங்க" என்றார், குரலை இறக்கி.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் கூடைப்பந்து என்பது குடும்ப வியாதி. அப்பாவும் பெரியப்பாவும் இளவயதில் ஆடி, இருவருமே பெயர் எடுக்காமல், பிறகு பார்வையாளர்களாகிப் பெயர் எடுத்தவர்கள். எந்த ஆட்டத்திலும் நடுவரை விடச் சத்தமாக விசில் அடிப்பது பெரியப்பாதான். அவர்களுக்கு ரொம்பப் பின்னால் பிறந்த தங்கை, என் அத்தை, நிஜமாகவே நன்றாக ஆடினாள். பந்தைத் தட்டிக்கொண்டுபோய், யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று ஆட்டத்தை நடத்துகிறவர்தான் கார்டு. எங்கள் கிளப்பின் பெண்கள் அணிக்கு அத்தைதான் கார்டு. கிளப் தலைவர் நடத்திய பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலையும் பார்த்தாள். நான் அதே பள்ளியில் நாலாவது படித்தேன்.

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்குப் பெண்கள் அணி இருந்தது. அதில் கார்டாக ஆடியவர்தான் மகாபலிபுரத்துப் பொண்ணு. பத்திரிகையில் படம் வந்தவர். அவர் எங்கள் கிளப்புக்கு வருவார், பதிலுக்கு அத்தையும் எங்கள் அணியின் உயரமான ஒரு அக்காவும் கம்பெனிக்குப் போவார்கள் என்று இரண்டு அணிகளின் செயலாளர்களும் பேசி முடித்திருந்தார்கள். வேலைகளும் அப்படியே கைமாறின. பள்ளிக்கூட வேலை அவருக்கு, கம்பெனி வேலை அத்தைக்கு. மறைமலைநகர் மின்சார ரயிலில் கிட்டத்தில்தான். ஆனாலும் கம்பெனி அணியில் இருப்பவர்கள் ஆஸ்டலில்தான் தங்கவேண்டும் என்பது விதி. அதிகாலையிலேயே பயிற்சி.

அத்தை துணிகளை மடித்துப் பையில் வைத்த அன்று, நான் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஜிப்பை இழுத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. அதனால் அவளுக்கும் சேர்த்து நானே அழுதேன்.

அதற்குப் பிறகு, அப்பாவின் டூவீலர் உதிரிபாகக் கடையில் மாலை ஆனால் ஒரே வழக்குதான். இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்கியது லாபமா, நஷ்டமா? கிளப்பின் பழைய ஆட்டக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், பெட்ரோல் டியூப் வாங்க வந்து அதை மறந்துபோனவர்கள் எல்லாரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். கல்லாவின் மேல் டீ கிளாஸ்களை நிறுத்தி, இது அவள், இது இவள் என்று நகர்த்திக் காட்டுவார்கள்.

பெரியப்பா நஷ்டக் கட்சி. "ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளா? இன்னாடா கணக்கு இது? நம்ம பொண்ணு பந்தைக் குடுத்தா எதிராளிக்கே தெரியாது. அந்தப் பொண்ணு பந்தை வச்சிகினு அதுவே ஆடும்."

அப்பா லாபக் கட்சி. சொந்தத் தங்கையை விலை குறைத்துப் பேசுகிறோம் என்ற உறுத்தல் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கிளப் என்று வந்துவிட்டால் அவர் நியாயஸ்தர். "அண்ணாத்த, ஜெயிக்கிறதுக்கு பாயிண்டு வேணும். நம்மளுது பாஸ் குடுக்கும், ஒத்துக்கறேன். தூரத்துலேர்ந்து போடுமா? அந்தப் பொண்ணு போடும்."

விடுமுறை நாளில் அத்தை வீட்டுக்கு வந்தாலும் இதேதான். கூடத்தில் அவர்கள் வாதாடுவார்கள், அத்தை நடுவே புகுந்து காபி கொடுப்பாள். அவளுடைய வேகம் குறைந்துவிட்டதா என்பதைப் பற்றி அவள் நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டே பேசினார்கள். இடைவேளையில் பெரியப்பா, உத்திரமேரூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை ஜாதகத்தை எடுப்பார். பையனுக்கு நிலம், நம் பக்கம் என்ன செய்வது, பெண் கொஞ்சம் கறுத்துப்போயிருக்கிறாள், மைதானத்தில் வெயிலில் நின்றால் வேறென்ன ஆகும் என்று பேச்சு ஓடும். பிறகு எப்போது அது மறுபடி கூடைப்பந்துக்குத் திரும்பியது என்றே எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே குரலில்தான் பேசினார்கள்.

"ரெண்டு வருஷம் இருப்பேன்னு கம்பெனில சொல்லிட்டேன்ணே" என்பாள் அத்தை. மாப்பிள்ளைப் பேச்சு அன்றைக்கு அதோடு நிற்கும்.

பள்ளியில் புது டீச்சர் வந்தார். மற்ற பிள்ளைகள் ஒரே நாளில் கட்சி மாறிவிட்டார்கள். நான் மாறவில்லை. அவரை மிஸ் என்று கூப்பிடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ஒரு நாள் நான் பந்து தட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"பந்தைப் பாக்காத. அது எங்கயும் போவாது. எதிருல பாரு."

"எங்க அத்தை அப்டிச் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "உங்க அத்தைகிட்டதான் நானே இத்தக் கத்துகினேன்" என்றார்.

அதை நான் நம்பவில்லை. எதிரணிக்காரி எப்படிக் கற்றுக்கொடுப்பாள்? என்னை வசப்படுத்தச் சொல்லும் பொய் என்று எடுத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு, ஆட்டமோ பயிற்சியோ முடிந்த மறுநிமிடம் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடிவிடுவார். யாரோடும் ஒரு வார்த்தை பேச நிற்பதில்லை. ஜெயித்த நாளில் கிளப்பில் எல்லாருக்கும் பரோட்டா வாங்கினாலும் அவர் பங்கு அப்படியே கிடக்கும். தலைக்கனம் என்றார் பெரியப்பா. பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் என்றார் அப்பா. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பெரியப்பாவின் கட்சி பிடித்திருந்தது.

அந்த வருஷம் மாவட்டப் போட்டி எங்கள் கிளப் மைதானத்திலேயே நடந்தது. எல்லாரும் பயந்தபடியே, அல்லது ஆசைப்பட்டபடியே, இறுதி ஆட்டத்தில் கம்பெனி அணியும் எங்கள் அணியும் வந்து நின்றன. அத்தை நீலச் சட்டையில் வந்தாள். எங்கள் மஞ்சளில் அல்லாமல் வேறு நிறத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். யாருக்குக் கைதட்டுவது என்று கேட்டேன்.

"நம்ம கிளப்புக்கு" என்றார் அப்பா.

"உன் இஷ்டத்துக்குத் தட்டு" என்றார் பெரியப்பா.

அத்தைதான் புது டீச்சரைத் தடுத்து ஆடினாள். அவர் இடது பக்கம் திரும்புமுன்பே இவள் அங்கே நிற்பாள். இவள் பந்தைக் கொடுக்க நினைக்கும் இடத்தில் அவர் கை நீண்டிருக்கும். ஒருமுறை இருவரும் மோதி விழுந்தார்கள். அத்தை முதலில் எழுந்து கை நீட்டினாள். டீச்சர் அதைப் பிடித்து எழும்போது ஏதோ சொல்ல, அத்தை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "பாத்தியா, மெரட்டுது" என்றார் பெரியப்பா.

ஆட்டம் முடியும் நேரத்தில் கம்பெனி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து டீச்சரின் கையில். மைதானமே எழுந்து நின்று "போடு, போடு" என்று கத்தியது. அத்தை கைகளை விரித்துக்கொண்டு முன்னால் நின்றாள். டீச்சர் எம்பினார். எம்பியவர், கூடைக்குப் போடாமல், யாருமே கவனிக்காத ஓரத்தில் நின்றிருந்த எங்கள் அணியின் ஒல்லிப் பெண்ணுக்குப் பந்தைக் கொடுத்தார். அந்தப் பெண் போட்டாள். பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றி வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போடுறதுக்குன்னு வாங்கின ஆளு! பாஸ் குடுக்கறதுக்கா வாங்கினோம்?" என்று புலம்பினார். நான் யாருக்கும் கைதட்டவில்லை. டீச்சர் அழுதுகொண்டிருந்த ஒல்லிப் பெண்ணின் தலையைத் தடவிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல பஸ்ஸுக்கு ஓடினார். அவர் முதுகுக்குப் பின்னால் சிலர் கூச்சல் போட்டார்கள்.

வீட்டுக்கு அத்தை பதக்கத்தோடு வந்தாள். அப்பா அவளைப் பார்த்து, துக்க வீட்டில் சொல்வதுபோல, "தோத்துட்டோம்மா" என்றார்.

"நாங்க ஜெயிச்சோம்ணே" என்றாள் அத்தை.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்தாள். அதை அவள் காலையிலேயே கிளறி வைத்திருக்கவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிளம்பும்போது அம்மா எனக்கு எப்போதோ சிறிதாகிப்போன கவுன்களைத் துவைத்து மடித்து ஒரு பையில் கொடுத்தாள். கடலுக்கு எதற்குப் பழைய கவுன் என்று கேட்டதற்கு, "பேசாம எடுத்துகினு போ" என்றாள். திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் நெம்மேலிக்கு முன்னாலேயே இறங்கினோம். சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு குப்பம். வலைகளுக்கு நடுவே நடந்து, நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீட்டு வாசலில் அத்தை குரல் கொடுத்தாள்.

நைட்டியும் தோளில் துண்டுமாக வெளியே வந்தது எங்கள் புது டீச்சர். இடுப்பில் ஒரு குழந்தை. இரண்டு வயது இருக்கும். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"வாடி!" என்று அவர் அத்தையைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "எங்க, இப்பவாச்சும் மிஸ்ஸுன்னு கூப்டு" என்றார். நான் அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

குழந்தை அவருடையதுதான். அவர் கணவர் கடலிலிருந்து திரும்பியிருக்கவில்லை. மாமியார் எங்களுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டார். அம்மா கொடுத்த கவுன்களில் மஞ்சள் பூப்போட்டதை எடுத்து டீச்சர் அப்போதே குழந்தைக்கு மாட்டிவிட்டு, "உங்க அண்ணிக்கு எப்டிதான் அளவு தெரியுதோ" என்றார்.

சாப்பிட்டபின் மணலில் உட்கார்ந்தோம். நான் குழந்தைக்குக் குழி தோண்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"நீ மட்டும் உங்க செகரட்டரிகிட்ட பேசாம இருந்தீன்னா, நான் இன்னும் அந்த ஆஸ்டல்லயே கெடந்திருப்பேன். வாரத்துக்கு ஒருக்கா வந்தா புள்ள என்னைப் பாத்து யாருன்னு முழிச்சுது" என்றார் டீச்சர்.

"நீ உங்க கோச்சை நச்சரிச்சு அந்த எடத்தை எனக்கு வாங்கித் தரலியா? எனக்கும் அந்த ஆஸ்டல்தான் வேண்டியிருந்துச்சு. வூட்ல இருந்தா இந்நேரம் உத்திரமேரூருக்கு ஓட்டிவிட்டிருப்பாங்க."

"உங்க அண்ணனுங்களுக்குத் தெரியுமா?"

"யாரு கேட்டாங்க? அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுங்க லாபமா நஷ்டமான்னு இன்னும் கிளாஸை நவுத்திகினு கீறாங்க."

இருவரும் சிரித்தார்கள். அத்தை வீட்டில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "ஏன்டி, அந்தக் கடைசிப் பந்தை நீயே போட்டிருக்கலாம்ல?" என்றாள் அத்தை. "நீ முன்னால நிக்கறப்ப எங்க போடுறது? அந்தப் பொண்ணுதான் தனியா நின்னுச்சு. குடுக்க வேண்டியதுதான்" என்றார் டீச்சர். பிறகு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய பந்தை எடுத்து வந்தார். மணலில் பந்து எழும்பவில்லை. அதனால் தட்டாமல், ஒருவருக்கொருவர் எறிந்து பிடித்தே ஆடினார்கள். புடவையைச் செருகிக்கொண்டு மாமியாரும் ஒன்றிரண்டு பந்து பிடித்தார். எனக்கும் எறிந்தார்கள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்து தவறவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, "அத்தை, ரெண்டு பேர்ல யாரு நல்லா ஆடுவாங்க?" என்று கேட்டேன்.

"உங்கப்பன் கேக்கச் சொன்னானா?" என்றாள்.

"இல்ல. நானேதான்."

"அவ கொஞ்சம் நல்லா ஆடுவா" என்றாள் அத்தை. அதைச் சொல்வதில் அவளுக்கு எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி, அப்பாவின் கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். அத்தை என்னைக் கடையில் விட்டுவிட்டு ரயிலுக்குப் போனாள். கடையில் கூட்டம். கல்லா மேல் கிளாஸ்கள். கடைசிப் பந்தைக் கொடுத்தது கோழைத்தனமா, புத்திசாலித்தனமா என்று வழக்கு முற்றியிருந்தது. மாவட்டத்தில் உள்ள எல்லாரையும்விட அதிகமாகத் தெரிந்தவர்கள்போல அப்பாவும் பெரியப்பாவும் மாறி மாறிக் கத்தினார்கள். டீச்சர் ஏன் பஸ்ஸுக்கு ஓடுகிறார் என்பதும் நடுவில் வந்தது. காஞ்சிபுரத்து கிளப் ஒன்று ரகசியமாகக் கூப்பிட்டிருக்கிறது, அதற்குத்தான் ஓடுகிறார் என்றார் ஒருவர்.

அப்பா என்னைத் தூக்கிக் கல்லாவின் ஓரத்தில் உட்காரவைத்து, "எங்கம்மா போயிருந்தீங்க?" என்று கேட்டார்.

"கடலுக்கு" என்றேன்.

"இன்னா பாத்த?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நீல வீடு, மஞ்சள் கவுன் போட்ட பாப்பா, வறுத்த மீன், மணலில் எழும்பாத பந்து. கடையில் இவர்கள் பேசிக்கொண்டிருந்தது கூடைப்பந்தைப் பற்றி. நான் பார்த்துவிட்டு வந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. "ஒண்ணும் இல்லப்பா, சும்மா கடல்தான்" என்றேன். அப்பா என் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, டீச்சரான கிளாஸை மறுபடி நடுவில் எடுத்து வைத்தார்.