பின்னால் பார்த்துப் படகு ஓட்டுகிறவன்

என் தம்பி கமலநாதன் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை. மலேசியாவின் சிகாமட்டில் எங்களைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இடி இடித்தால் டிவியை அணைப்பான், பிளக்கைப் பிடுங்குவான், அப்புறமும் சுவரைத் தொட்டுப் பார்ப்பான். நாற்பது தாண்டியும் நீச்சல் தெரியாது. இப்படிப்பட்டவன் கையில்தான் எங்கள் கோவில் இளைஞர் குழு வெள்ளக்காலப் படகை ஒப்படைத்திருக்கிறது. வேறு வழியில்லை. லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன், மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன், கம்பம் என்று நாங்கள் சொல்கிற எங்கள் கிராமத்தில் அவன் ஒருத்தன்தான்.

அவன் படகு ஓட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை முன்னால் பார்த்தால் மூன்று தடவை பின்னால் பார்ப்பான். படகின் பின்பக்கம் மாட்டியிருக்கும் மோட்டாரில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. மோட்டார் ஓடும்போதெல்லாம் அதிலிருந்து மெலிசாகத் தண்ணீர் பீய்ச்சும். அது வருகிறதா என்றுதான் பார்ப்பான். சில சமயம் விரலை நீட்டிச் சூடு பார்ப்பான். கம்பத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது.

"அந்த ஒண்ணுக்குல அப்படி என்னடா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சிரிக்காதக்கா, உசுரே அதுலதான் இருக்கு" என்றான்.

லாரிக்கு ரேடியேட்டர் இருக்கிறது, இதற்கு இல்லையாம். தண்ணீருக்குள் நிற்கிற மோட்டாரின் காலில் சல்லடை மாதிரி கண்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாக ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் சக்கரம் ஒன்று, ஆறு இறக்கையோடு சுற்றி, அந்தத் தண்ணீரை மேலே தள்ளும். தண்ணீர் எஞ்சினைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறிவிடும். அதில் ஒரு பங்குதான் அந்த ஓட்டையில் நம் கண்ணுக்குத் தெரிவது. அந்தச் சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர்.

"தண்ணி இருந்தா வருஷக்கணக்கா ஒழைக்கும்க்கா. காஞ்ச எடத்துல ஸ்டார்ட் பண்ணா ரப்பர் ஒரசி எரிஞ்சு போயிரும்."

அதனால்தான் ஒவ்வொரு தடவையும் சேற்றுத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்ததும் மோட்டாரை நீல டிரம்மில் நிறுத்தி, நல்ல தண்ணீர் நிரப்பி, உள்ளே இருக்கும் மண் போகிறவரை ஓடவிடுவான். அப்படியும் பயம் போகாமல் ஒரு புது இம்பெல்லரைப் பழைய மைலோ டின்னில் போட்டுப் படகிலேயே வைத்திருப்பான்.

என் வீட்டுக்காரர் மணியம்தான் இளைஞர் குழுவின் தலைவர். ஐம்பத்தாறு வயது இளைஞர்! மைத்துனனைக் கிண்டல் பண்ணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று தடவை டவுனுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொள்கிற மனிதர். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் திருட்டுத்தனமாகக் குடிப்பார். எவ்வளவு குடித்தீர்கள் என்று நர்ஸ் கேட்டால், பாதிப் போத்தல்தான் என்று என் கண்ணெதிரிலேயே புளுகுவார். எங்கள் வீட்டில் தினமும் சண்டை நடப்பது இந்தப் போத்தலை வைத்துத்தான்.

போன ஆயுத பூசைக்கு மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு கமலநாதன் செனாய்க்குப் போய்விட்டான். அங்கே பட்டறை லாரி ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. அப்புறம் டிசம்பரில் டிரம்மில் ஓட்டிப் பார்த்தபோது, "தண்ணி கொஞ்சம் மெலிசா வருது, பிரிச்சுப் பாக்கணும்" என்றான்.

"ஓடுற மோட்டார எதுக்கு மாப்ள பிரிக்கிற? உன் பயத்துக்கு ஒரு அளவு இல்லையா லா?" என்று இவர் சிரித்தார். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

ஜனவரியில் ஆறு ஏறியது. சாலை போய்விட்டது. இவர் டவுனுக்குப் போக வேண்டிய நாள் ஒன்று தவறி, இரண்டாவதும் தவறியது. கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. விடிந்தபோது உதடு கறுத்திருந்தது. பொம்பா என்கிற தீயணைப்புப் படையின் படகுகள் ஆற்றின் மேல்பக்கம் கூரைமேல் நின்றவர்களை ஏற்றிக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் மேட்டுச் சாலை வரைதான் வரும் என்றார்கள். அதுவரைக்கும் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

படகில் நாங்கள் நாலு பேர். அவரை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு வசந்தன் முன்னால் மூங்கில் கம்போடு உட்கார்ந்தான். பின்னால் கமலநாதன். செம்பனைத் தோட்டத்துக்குள்ளே புகுந்து போனோம். மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. ஒவ்வொரு மட்டையிலும் ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது. பாம்பா, கயிறா என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை. தோட்டம் முடிகிற இடத்தில் ஆறு இரைகிற சத்தம் கேட்டது. அங்கேதான் இழுப்பு.

திடீரென்று கமலநாதன் மோட்டாரை நிறுத்தினான்.

"ஏன்டா நிறுத்துற?"

"தண்ணி வரலக்கா."

"வராட்டி போகுது! ஓட்டுடா! இந்த மனுசன் மூச்சு இழுக்குறது உன் காதுல விழலையா?"

"இப்ப ஓட்டுனா ஆத்து நடுவுல ஜாமாயிரும். அப்புறம் நாலு பேரையும் ஆறு கொண்டு போயிரும்."

நாசமாய்ப் போறவனே, உன் பயத்துக்கு இதுதான் நேரமா என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் திரும்ப ஸ்டார்ட் பண்ணவில்லை. முகம் சாம்பலாகியிருந்தது. படகு பக்கவாட்டில் திரும்பி, அந்த இரைச்சலை நோக்கி நழுவ ஆரம்பித்தது. "அலமாக்!" என்று அலறிக்கொண்டே வசந்தன் ஒரு மட்டையைப் பிடித்தான். நானும் பிடித்தேன். பாம்பாவது ஒன்றாவது! மரத்துக்கு மரம் தாவி இழுத்து முனியாண்டி மேட்டில் படகை ஒதுக்கினோம். சுற்றிலும் தண்ணீர். நடுவில் சின்னக் கோவிலின் சிமெண்டுத் தரை மட்டும் காய்ந்திருந்தது.

இரண்டு ஆம்பிளைகளும் மோட்டாரைக் கழற்றித் தூக்கி வந்து முனியாண்டி முன்னால் படுக்க வைத்தார்கள். மோட்டாரின் காலில் குப்பை எதுவும் சிக்கியிருக்கவில்லை. கமலநாதன் என் துப்பட்டாவைக் கேட்டு வாங்கி அடியில் விரித்தான், கழற்றுகிற திருகாணி எதுவும் உருண்டு தண்ணீருக்குள் போய்விடக் கூடாதென்று. ஸ்பானர் இரண்டு தடவை வழுக்கியது. ஆனாலும் காலைப் பிரித்து இம்பெல்லரை வெளியே எடுத்துவிட்டான்.

பாதி இறக்கைகள் இல்லை. மிச்சம் இருந்தவற்றின் ஓரம் கருகி மின்னியது. உள்ளே கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, உள்ளங்கையில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தான்.

"புதுச மாட்டித் தொலையேன்டா!"

"ஒரு துண்டு கொறயுதுக்கா. மேல குழாய்க்குள்ள போயிருக்கும். அத எடுக்காம புதுசு மாட்டியும் புண்ணியமில்ல."

மேல்மூடியைத் திறந்து, அந்த ஓட்டைக்குப் போகிற ரப்பர் குழாயை உருவி, வாய் வைத்து ஊதினான். கண் பிதுங்குகிற மாதிரி ஊதினான். வசந்தனும் ஊதினான். ஒன்றும் விழவில்லை.

"நல்ல தண்ணி வேணும்" என்று சுற்றுமுற்றும் பார்த்தான். உலகமே தண்ணீராகக் கிடந்தது, அத்தனையும் சேறு. அப்போது இவர் மெதுவாகக் கையை நீட்டினார். கையில் அந்தப் போத்தல். காலையில் நான் அளந்து கொடுத்தது. உதடு வெடித்திருந்தும் மூடியைக்கூடத் திறந்திருக்கவில்லை.

"இந்தா மாப்ள."

"மாமா, உங்களுக்கு..."

"எடுடா."

கொஞ்சம் ஊற்றுவதும் ஊதுவதுமாகப் போத்தல் காலியாகிக்கொண்டே வந்தது. அடியில் நாலு மடக்கு இருந்தபோது தொப்பென்று ஒரு கறுப்புத் துண்டு துப்பட்டாவில் விழுந்தது. நகம் அளவுதான் இருக்கும். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். பொருந்தியது.

"இது தண்ணியில்லாம ஓடி எரிஞ்சது. யாரு ஓட்டுனா?" என்றான்.

வசந்தன் முனியாண்டியைப் பார்த்தான்.

"நான்தான் மாப்ள" என்றார் இவர். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "ஆயுத பூசையன்னிக்கு... லாரி, பைக்கு எல்லாத்தையும் ஸ்டார்ட் பண்ணி எலுமிச்சம்பழம் ஏத்துனோம். இது மட்டும் சும்மா கெடக்குதேன்னு... கற்பூரம் அணையற வரைக்கும் ஓடவிட்டேன். நீ திட்டுவேன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் அந்த நிலையில் இல்லாவிட்டால் நானே ஆற்றில் தள்ளியிருப்பேன். தம்பி திட்டவில்லை. "சரி மாமா, பேசாதீங்க. மூச்சு வேணும்" என்று மட்டும் சொன்னான். மைலோ டின்னைத் திறந்தான். வழுக்கி உள்ளே போகட்டுமே என்று கோவில் விளக்கெண்ணெயை எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் ரப்பருக்கு ஆகாது என்று தள்ளிவிட்டு, போத்தலில் இருந்த கடைசிச் சொட்டுகளால் இம்பெல்லரை நனைத்துச் செருகினான்.

மோட்டாரைப் படகில் மாட்டிக் கயிற்றை இழுத்ததும் சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்த ஓட்டையையே பார்த்தோம். என் புருஷன் உயிர் அந்த ஓட்டைக்குள் நின்றுகொண்டிருந்தது. கமலநாதன் உதடு ஏதோ முணுமுணுத்தது. முதலில் ஒரு துப்பல், அப்புறம் கொஞ்சம் காற்று, அதற்கப்புறம் சுர்ரென்று தண்ணீர் பாய்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

ஆற்றைக் கடக்க ஆரம்பித்தோம். கமலநாதன் பின்னால் பார்த்தான். நானும் வசந்தனும் பின்னால்தான் பார்த்தோம். முன்னால் பார்க்க ஆளே இல்லை என்று உறைத்ததும் வசந்தன்தான் திரும்பிக்கொண்டான்.

மேட்டுச் சாலையில் ஆம்புலன்ஸ் நின்றது. இவரைத் தூக்கிப் படுக்க வைத்து ஆக்சிஜன் மாட்டினார்கள். கதவை மூடுவதற்கு முன்னால் நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "அங்கிள், இன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

இவர் காலிப் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு சொட்டுகூட இல்லம்மா. பூராத்தையும் மோட்டாருக்குக் குடுத்துட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. புளுகுகிறார் என்று நினைத்திருப்பாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நெசந்தாம்மா" என்றேன்.