மணல் சலிக்கும் மீனுக்கு வயிறு இல்லையா?

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. பரமத்தி பக்கம் எங்களுக்கு முட்டைக் கோழிப் பண்ணை இருக்கிறது. என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பிவர ஆறேழு மாதம் ஆகும் என்பதால், பண்ணை முழுக்க என் பொறுப்பு. ஒருமுறை விடுமுறைக்கு வந்தவர், கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, உப்பு கரைத்து, கடல் மீன் வளர்க்கப் போகிறேன் என்றார். நம் ஊர் போர் தண்ணியே உப்புதானே, இதற்குத் தனியாக வேறு கரைக்க வேண்டுமா என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேலி செய்தார்கள். தொட்டியை ஒரு நிலைக்குக் கொண்டுவந்ததும் அவர் வண்டி ஏறிவிட்டார். மீன்கள் என் தலையில் விழுந்தன.

தொட்டி மணலில் பாசி படிகிறதே என்று சேலத்தில் ஒரு மீன் கடையில் கேட்டேன். கடைக்காரர் கோபி என்று இரண்டு மீன்களைக் காட்டினார். வெள்ளை உடம்பு, அதில் ஆரஞ்சுப் புள்ளிகள். வாய் நிறைய மணலை அள்ளி, மென்று, செவுள் வழியாகப் பொலபொலவென்று உதிர்க்கும். நாள் முழுக்க இதே வேலைதான். தொட்டிக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகையில் நீல மையில் எழுதியிருந்தார்கள்: 'மணலைச் சுத்தம் செய்யும். தீனி தேவையில்லை.'

"அழுக்கத் தின்னுட்டே உசுரோட இருக்குங்க்கா. நீங்க ஒண்ணும் போட வேண்டாம்" என்று அவர் வாயாலும் சொன்னார்.

எனக்கு ஏகக் குஷி. சம்பளமில்லாமல் வேலைக்கு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் தீனியே வேண்டாத மீன் என்று நானும் பெருமையடித்தேன். அதை இப்போது நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சித்திரையில் வாங்கியது. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. ஆடி முதல் வெள்ளிக்கு வீடு முழுக்கக் கழுவினேன். கழுவி முடித்துப் பார்த்தால் தொட்டி மணல் மட்டும் பழுப்பாகத் தெரிந்தது. கோழிப் பண்ணைக்காரிக்குப் பழுப்பு என்றாலே ஆகாது. ஒரு பேட்ச் கோழி போய் அடுத்த பேட்ச் வருவதற்குள் ஷெட்டைக் கழுவி, பிளீச்சிங் போட்டு, சுண்ணாம்பு அடித்து, காயவிட்ட பிறகுதான் குஞ்சை உள்ளே விடுவேன். அதே வைத்தியத்தைத் தொட்டிக்கும் செய்தேன். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு டப்பில் விட்டு, காற்றுக் குழாய் போட்டேன். மணலை மொத்தமாக அள்ளி பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசி, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் திரும்பக் கொட்டினேன். மணல் பச்சரிசி மாவு மாதிரி இருந்தது. போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். அவரும் சபாஷ் போட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு கோபி மூலையில் செத்துக் கிடந்தது. இன்னொன்று மணலை அள்ளுவதும் துப்புவதுமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு வாய்க்கு ஒருமுறை அப்படியே படுத்துக்கொண்டது.

எங்கள் பக்கம் கோழி செத்தால் சும்மா குழியில் போட்டு மூடிவிட மாட்டோம். பையில் போட்டுக்கொண்டு லேபுக்கு ஓடுவோம், அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் செத்த மீனை ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன். நோய் பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டானே என்று வழி நெடுக மனதுக்குள் கடைக்காரரைக் கிழித்துக்கொண்டே போனேன்.

டப்பாவைத் திறந்து கல்லா மேல் வைத்தேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடல் மீன் என்றால் அப்படித்தான் சாகும், வேறு ஒன்று பிடித்துத் தருகிறேன், கொண்டுபோங்கள் என்றார். எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ! அதையும் கொண்டுபோய்ச் சாகடிக்கவா என்று கத்தினேன். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களில் மீன் தொட்டிக்கு உப்பு வாங்க வந்த ஒருவர் காக்கிச் சட்டையில் நின்றார். பஸ் கண்டக்டர், ஓமலூர்க்காரர், டூட்டி முடித்து வந்தவர். பத்து வருடமாக வீட்டில் கடல் மீன் வளர்க்கிறாராம். டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, மீனை விரலால் புரட்டினார்.

"வயித்தப் பாருங்க அம்மிணி. உள்ள ஒட்டிக் கெடக்குது. நோவு கீவு ஒண்ணுமில்லீங்க, பட்டினி. மணல என்ன பண்ணுனீங்க?"

நான் செய்த சுத்தத்தையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினார்.

"மணலுக்குள்ள பொடிப் பொடியாப் பூச்சி புழு இருக்குமுங்க. அதுதான் இதுக்குச் சோறு. அதே பத்தாது, நாமளும் போடோணும். நீங்க இருந்த சோத்தையும் கழுவி ஊத்திட்டு, வெறும் மணல மெல்ல உட்டிருக்கறீங்க."

எனக்கு முகம் எரிந்தது. வாரம் தவறாமல் கோழியைக் கையில் தூக்கி, நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்து, தீனி பத்துகிறதா இல்லையா என்று சொல்கிறவள் நான். கண்ணெதிரே கண்ணாடிக்குள் ஒரு ஜீவன் மூன்று வாரமாக வெறும் மணலை மென்று துப்பியிருக்கிறது. அதை வேலை என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது வேலையே இல்லை, சாப்பாட்டைத் தேடித் தேடி ஓய்ந்து போயிருக்கிறது.

மிச்சமிருக்கும் ஒன்று பிழைக்குமா என்று கேட்டேன். இன்றைக்கே போனால் பார்க்கலாம் என்றார். அவரோடேயே ஓமலூர் போனேன். அவர் மனைவி தன் தொட்டியிலிருந்து மணலைத் தண்ணீரோடு அள்ளி, மூடி போட்ட வாளியில் கொடுத்தார். பார்ப்பதற்குப் பழுப்பாகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால் உள்ளே என்னென்னவோ நெளிந்தன. இறாலைப் பொடியாக நறுக்கி, குழாய் வழியாக மணல் பக்கத்திலேயே விடச் சொன்னார். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

நான்கு நாள் அது இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது மணலை மட்டும் மெதுவாக மென்றது. தினமும் காலையில் ஷெட்டுக்குப் போகும்முன் மேலிருந்து அதன் வயிற்றைப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் குழாயிலிருந்து விழுந்த துண்டை லபக்கென்று கவ்வியது. தனியாகத்தான் நின்றிருந்தேன், ஆனாலும் வாய்விட்டு "தின்னு சாமி, தின்னு" என்றேன். ஒரு மாதத்தில் வயிறு மேடேறியது. இன்றும் இருக்கிறது.

பிறகு ஒருநாள் உப்பு வாங்க அதே கடைக்குப் போனேன். அதே பலகை, அதே நீல எழுத்து. கீழே புதிதாக நான்கு கோபிகள். அந்த வரியை அழித்துவிடுங்கள், தீனி போட வேண்டும் என்று எழுதுங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அப்படி எழுதுனா யாருங்க்கா வாங்குவாங்க?"

தெரிந்தே எழுதியிருக்கிறார்! நான் செய்தது அறியாமை. அதற்கே எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, சிரிப்பும் வருகிறது. முந்தானையை எடுத்து 'தீனி தேவையில்லை' என்பதை அழுத்தித் துடைத்தேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். உப்பு வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன். நான் போனதும் திரும்ப எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

மை சேலையை விட்டுப் போகவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் ஷெட்டுக்குப் போகிறேன். எங்கள் ஷெட்டில் எரு அள்ளும் அம்மா ஏழு வருடமாக வருகிறார். ஷெட் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும்தான் இதுநாள்வரை பார்த்திருக்கிறேன். காலையில் சாப்பிட்டு வருகிறாரா என்று முதன்முதலாகக் கேட்டது அதற்குப் பிறகுதான்; இல்லை என்று அவர் சொன்ன பதிலை நினைத்தால், அந்தக் கடைக்காரர் மீது வருகிற கோபம் பாதி வழியில் என் பக்கம் திரும்பிவிடுகிறது.