வெறும் மண்ணாய் ஒரு பாதை

அறுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ரிசர்வ் காட்டை ஒட்டிய ஓர் ஊரில் நான் பள்ளி ஆசிரியை. மாசி பிறந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் துடைப்பத்தோடு காட்டுக்குப் போவார்கள். காட்டின் குறுக்கே, இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகும் அகலத்துக்கு ஒரு பாதை உண்டு. ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் தாவாமல் இருக்க வெட்டியது. பயர் லைன் என்பார்கள். அதில் முளைத்த புல்லைச் செதுக்கிச் சருகைப் பெருக்கினால்தான் வனத்துறையார் காட்டில் மாடு மேய்க்க விடுவார்கள். வீட்டுக்குப் பாதையில் ஒரு துண்டு.

பக்கத்து வீட்டு மாட்டுக்காரம்மாவோடு என் மகளும் பெருக்கப் போவாள். ஒன்பது வயது. வீட்டில் துடைப்பத்தைத் தொடமாட்டாள்.

“இன்னா டீச்சரம்மா, உன் பொண்ணு காட்ட மட்டும் பளபளன்னு பெருக்குது! ஊட்ல பெருக்கச் சொன்னா பேஜாருன்னுது” என்று அந்தம்மா சிரிப்பார்.

சித்திரை விடுமுறையில் ஒரு நாள், காரைப்பழம் பறிக்க மகள் அவரோடு போனாள். உச்சிவெயிலில் காட்டுக்கு மேலே புகை எழுந்தது.

ஓடினேன். காட்டோரத்தில் ஆண்கள் தழைக்கொத்தால் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். பயந்தால் என்னிடம் ஓடிவரும் பிள்ளை அவள். எங்கள் வீடு இந்தப் பக்கம், நடுவில் நெருப்பு. ஓடி வந்திருப்பாளோ? வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

தீ அடங்கிய பிறகு கூட்டிப்போனார்கள். பாதையின் ஓரம்வரை எல்லாம் கரி. மறு ஓரத்தில் பச்சை. நடுவில், வெறும் மண்ணில், மாடுகள் நின்றன. அந்தம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய முந்தானை என் மகளின் இடுப்பைச் சுற்றி முடிச்சிட்டிருந்தது.

“அம்மாகிட்ட போறேன்னு நெருப்பாண்ட ஓடுது. நான் இன்னா பண்ணுவேன்? கட்டி வெச்சுகினேன்.”

“மாட்டக்கூட கட்டலம்மா. என்னத்தான் கட்டுச்சு” என்றாள் மகள். முகமெல்லாம் சாம்பல்.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். வரவில்லை; பிடித்து இழுத்தேன்.

“உடு டீச்சரம்மா, பொடவைய கிழிச்சுடப் போற” என்று அவரே அவிழ்த்தார்.

பத்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது நெடுஞ்சாலையோரம் தொழிற்சாலைகள் எழும்பிவிட்டன. ஊரில் மாடுகள் குறைந்துவிட்டன. மகள் பொன்னேரிக் கல்லூரிக்குப் படிக்கப் போகிறாள். பஸ் சற்றுத் தாமதமானாலும் எனக்கு அந்தப் புகை வாசம் வந்துவிடுகிறது. நான் இந்த ஊருக்கு வருமுன் அந்தப் பாதையைப் பெருக்கியவர்கள் யாரென்று தெரியாது. ‘இந்த வருஷம் போகட்டும்’ என்று ஒரு மாசியில் அவர்கள் சும்மா இருந்திருந்தால்? அவர்கள் சும்மா இருக்கவில்லை.

அந்தம்மாவின் துண்டைப் பெருக்க மாசிதோறும் நானும் போகிறேன். இந்த முறை அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா, பெருக்குன எடத்தையே பெருக்கினுகீற? அப்பால நகரு. இன்னும் எவ்ளோ கெடக்குது!”

தீப்பிடித்த அன்று மாடுகள் நின்ற இடம் அது. நகர்ந்தேன், கொஞ்சம் மெதுவாக.