ஒரே ஆள்

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சேலைகூட மாற்றாமல் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். தென்னந்தோப்பிலிருந்து என் வீட்டுக்காரர் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் அந்த முள் நின்ற இடம் இன்றும் கண்ணில் நிற்கிறது. மகள் மாடிப்படியில் இறங்கி வந்தாள். மடிக்கணினியைத் திறந்தபடியே, சுடும் பாத்திரத்தைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அம்மா, ஒருத்தங்க விழுந்துட்டாங்க” என்றாள்.

எங்கள் தெருவில் யாரோ என்று நினைத்து, “ஆரு கண்ணு?” என்று கேட்டேன்.

“பேரு சொல்லக் கூடாதுங்மா. சின்னக்கானல் பக்கம். என்னாலதான்.”

அடுப்பை நான் அணைக்கவில்லை. அவர் வந்துதான் அணைத்தாராம். பிறகு சொன்னார்.

என் மகளின் வேலையை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், பாலக்காட்டைவிடப் பொள்ளாச்சி பக்கம் என்று சொல்லத்தக்க ஊர் எங்களுடையது. கொச்சியில் உள்ள ஒரு சிறு கம்பெனிக்கு மாடி அறையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறாள். டேட்டா இன்ஜினியர் என்று சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர், “அப்பிடீங்களா? எங்கூட்டு நெட்டு ரெண்டு நாளா சுத்திக்கிட்டே நிக்குது, என்னன்னு பாத்துச் சொல்லு அம்மிணி” என்று போனை நீட்டினார். அவளுடைய அப்பாதான் தனக்குத் தெரிந்த வகையில் புரிந்துகொண்டார். பல இடங்களிலிருந்து வரும் விவரங்களைச் சுத்தம் செய்து ஓரிடத்தில் சேர்ப்பதற்குப் பைப்லைன் என்று பெயர் என்றாள் அவள்.

“அட, நம்ம சொட்டுநீரு! பில்டரு அடச்சுதுன்னா கடைசி மரத்துக்குத் தண்ணி போகாது. மோட்டாரு பாட்டுக்கு ஓடீட்டிருக்கும்.”

“அதேதாங்ப்பா. சம்பளந்தான் வேற.”

அப்போது சிரித்தோம்.

விழுந்த பெண்ணின் கதைக்கு வருவதற்கு முன் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வீட்டுப்பெயர் கிடையாது. பெயர், அதோடு அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். கேரளத்தில் அந்த ஒற்றை எழுத்து படுத்தும் பாடு கொஞ்சமில்லை. மகளின் பள்ளிச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் நின்றது, ஆதாரில் முன்னால் நின்றது, வங்கிக் கணக்கில் அப்பாவின் முழுப் பெயராக விரிந்துகொண்டது. கல்லூரியில் சேர்க்கும்போது, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவைதான் என்று வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறது. அங்கிருந்த கிளார்க் வீட்டுப்பெயரைக் கேட்டார். இல்லை என்றோம். “வீட்டுப்பேரில்லாத்த வீடோ?” என்று சிரித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள், “ஒரு எழுத்துக்காக என்னைய மூணு ஆளாக்கிட்டாங்கம்மா” என்றாள். அந்தக் கோபத்தை அவள் மறக்கவேயில்லை.

போன வருடம் அவளுக்கு ஒரு வேலை வந்தது. மலைத் தோட்டங்களில் இருக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு தனியார் மருத்துவமனை வேனில் மாத்திரை அனுப்புகிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வலிப்பு என்று மாதாமாதம் விடாமல் சாப்பிட வேண்டியவை. ஆட்களின் விவரம் மருத்துவ முகாமில் எழுதியது ஒன்று, மருத்துவமனைக் கணினியில் ஒன்று, வேனில் போகும் நர்ஸின் போனில் ஒன்று என்று சிதறிக் கிடந்தது. ஒரே ஆள் மூன்று ஆளாக இருந்தார். அவர்களை ஒன்றாக்குவதுதான் இவள் வேலை. பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் நான்கும் பொருந்தினால் ஒரே ஆள் என்று ஒரு விதி எழுதினாள். பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் ஒற்றை எழுத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கணினிக்குச் சொன்னாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, “இனி மலையில ஆரும் அந்தச் சான்றிதழுக்கு நிக்க வேண்டியதில்லீங்மா. என்ர கோடே குடுத்துரும்” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னொரு தோசை வைத்தேன்.

மூணாறுக்கு அப்பால், சின்னக்கானல் பக்கத்து லயம் ஒன்றில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகளில், இரண்டு பெண்கள். இருவருக்கும் அம்மன் பெயர், ஒரே அம்மன். சிறுவயதில் தோட்டத்துப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் வயது பொருந்துவதற்காக எல்லாருக்கும் மே மாதத்தில் ஒரே தேதியைப் போட்டிருக்கிறார். எங்கள் பள்ளியிலும் பழைய ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். முகவரி அந்த லயம். போன் நம்பர் கேட்டபோது இருவரும் பக்கத்து வீட்டுப் பையனின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். வித்தியாசம் அந்த ஒற்றை எழுத்தில் மட்டும் இருந்தது. என் மகளின் விதி அவர்களுக்கு ஒரே ஆள் சான்றிதழ் கொடுத்துவிட்டது.

ஒருத்திக்கு ரத்தக்கொதிப்பு, மற்றவளுக்கு வலிப்பு. ரத்தக்கொதிப்புக்காரியின் விவரம் புதியது என்பதால் அது மட்டும் தங்கியது. வலிப்புக்காரியின் விவரம் அதற்குள் போய் மறைந்தது. வேன் வந்தது, பெயரைக் கூப்பிட்டார்கள், ஒருத்தி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். எனக்கு எங்கே என்று மற்றவள் கேட்டிருக்கிறாள். கொடுத்தாகிவிட்டது என்று போன் காட்டியது. கொச்சித் திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. கையிருப்பு மாத்திரை தீர்ந்த பிறகு, தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்து சரிவில் உருண்டு, தலை கல்லில் மோதியது. போடிமெட்டு வழியாகத் தேனிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நினைவு திரும்பவில்லை.

மகளின் மேலதிகாரி போனில் கூப்பிட்டார். சமையலறையிலேயே ஸ்பீக்கரில் கேட்டோம். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோயிருந்தார். அந்த ஒரு ஆளை மட்டும் சரிசெய், மலையிலிருந்து வந்த விவரமே தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், மற்றதைத் திங்கட்கிழமை பார்ப்போம் என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, “மோளே, நீ ஒந்நும் எழுதண்டா” என்றார். எதையும் எழுதி வைக்காதே என்று அர்த்தம்.

போனை வைத்ததும் மகள், “இதே மாதிரி வேற ஆரு ஆரு மறஞ்சு போயிருக்காங்கன்னு பாக்கோணும். திங்கக்கிழமைக்குள்ள இன்னொருத்தருக்கு மாத்திர நின்னுருச்சுன்னா?” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அருகில் போனேன். திரையைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பினாள்.

“பாக்காதீங்மா. ஆருக்கு என்ன நோயின்னு இதுல இருக்குது.”

“நாம் பாத்து ஆருகிட்டச் சொல்லப் போறேன்? நம்பரக் குடு, பாதிப் பேர நாங் கூப்புடறேன். சீக்கிரம் முடியும்.”

“உங்களுக்குக் காட்ட எனக்கு உரிமையில்லீங்மா. கூப்புடறதுக்கு எனக்கே இல்ல.”

ஒரு உயிர் தேனியில் கிடக்கும்போது இவள் உரிமை பேசுகிறாளே என்று ஆத்திரமாக வந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பெண்களுக்கு அவள் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான். கூப்பிட உரிமையுள்ள நர்ஸை அழைத்தாள். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவதற்கு முன் அந்த அம்மாளின் குரல் என் காதில் விழுந்தது. “ஏ தாயி, இத நீ திங்கக்கெழம சொல்லியிருந்தா ஒன்னைய ஏசியிருப்பேன். படி, ஒவ்வொண்ணாப் படி.” கதவு திறந்தபோது இருட்டிவிட்டது. ஒன்றாகிப் போன ஆட்களை எல்லாம் பிரித்தாகிவிட்டது, மறுநாள் காலையிலேயே ஜீப் பிடித்து மாத்திரை கொடுப்பதாக நர்ஸ் ஒப்புக்கொண்டார் என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் மருத்துவமனை டாக்டருக்கும் மேலதிகாரிக்கும் சேர்த்து ஒரு மெயில் எழுதினாள். தவறு மலையிலிருந்து வந்த விவரத்தில் இல்லை, விதியில் இருக்கிறது, விதியை எழுதியது நான். படித்ததும் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“‘நாங்கள்’னு போடு கண்ணு. இல்லாட்டி ‘சிஸ்டம்’னு போடு.”

“இனிசியல் வேண்டாம்னு சிஸ்டம் சொல்லுச்சுங்களா?”

“எழுதட்டும், உடு” என்றார் அவர், வாசற்படியில் நின்றுகொண்டு.

“உங்களுக்கென்னங்க! நாளைக்கு இவளைக் கொண்டுபோய் உள்ள வெச்சா நீங்களா போயி இருப்பீங்க?”

“இருக்கறேன். தேங்கா போடறதுக்கு நீ வேற ஆளப் பாத்துக்கோ.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு மகள் மட்டும் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் காலையில் கணினி அவளுடைய பாஸ்வேர்டை ஏற்கவில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஒரு வரி வந்தது. பிரித்து வைத்ததைப் பிரித்தபடியே விட்டார்களா, அந்த விதியை மாற்றினார்களா, எதுவும் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த வாரம் நான் வருகைப் பதிவு எடுக்கவே திணறினேன். என் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள். முன்னெழுத்தைச் சொன்னால் ஒருத்தி எழுவாள், மற்றவள் உட்கார்ந்திருப்பாள். வருடக்கணக்காக வாய் அதைத் தானாகச் சொல்லும். இப்போது அந்த எழுத்து வந்ததும் நிறுத்தி, இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வீட்டில் மகள் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே ஒருநாள் சொன்னாள். “ஒருத்தர ரெண்டு பேருன்னு எண்ணுனா ஒரு பொட்டலம் வீணாப் போகும்ங்மா. ரெண்டு பேர ஒருத்தர்னு எண்ணுனா ஒருத்தருக்குக் கெடைக்கவே கெடைக்காது. ரெண்டும் ஒரே அளவுத் தப்புன்னு நெனச்சு எழுதீட்டேன். எனக்கு நடந்தது மொதத் தப்பு. அது மட்டுந்தாந் தெரிஞ்சுது.” ஒருவர் பட்ட அவமானம் அவரை நல்லவராக்கும் என்றே நானும் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அது அவரை அவசரக்காரராகவும் ஆக்கும் போலிருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

ஒரு மதியம் நர்ஸ் கூப்பிட்டார். கண் விழித்துவிட்டாள், பேசுகிறாள், சனிக்கிழமை லயத்துக்கு அழைத்து வருகிறார்கள். பார்க்க வரலாமா என்று மகள் கேட்டதற்கு, அவளிடமே கேட்டுவிட்டு மறுபடி அழைத்தார். “வரச் சொல்லுன்னா. கூட ஆளக் கூட்டிட்டு வா தாயி, ஏச்சு வாங்குனா பிடிச்சுக்க ஒரு ஆளு வேணும்ல.”

உடுமலை, மறையூர் வழியாக அவர் காரை ஓட்டினார். மூணாறு தாண்டி மேலே ஏறினோம். நான் மனதில் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தேன்: அவர்கள் கூட்டமாக வந்தால் என்ன சொல்வது, மகளை எந்தப் பக்கம் நிறுத்திக்கொள்வது என்று. லயத்துக்குக் கீழே டீக்கடை முன்னால் நின்றோம். மேகம் இறங்கிக் கொழுந்துக் காட்டை மூடிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது மற்றவள், அதே பெயர்க்காரி. தலையில் துண்டு, இடுப்பில் கொழுந்து வெட்டும்போது கட்டும் சாக்கு. எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க ரெண்டு பேரையும் ஒருத்தியாக்குன புள்ள இதானா?”

மகள் தலையாட்டினாள்.

“சேத்ததுதான் சேத்த, எங்க தண்ணிக் குழாச் சண்டையையும் சேத்து முடிச்சிருக்கக் கூடாதா? பத்து நாளா அவ இல்லாம ஏச ஆளில்லாமக் கெடக்கேன்.” சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தாள். மழைத் தூறல் இன்னும் விழ ஆரம்பிக்கவில்லை. “பொட்டலத்த நாந்தானே வாங்குனேன். ஏன் ஒண்ணுதான் வருதுன்னு ஒரு சத்தம் போட்டிருக்கணும்ல நான்” என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

ஜீப் வந்தது. முன் இருக்கையிலிருந்து அவளை இறக்கினார்கள். புருவத்துக்கு மேல் தையல், இடது கையில் மாவுக்கட்டு. நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம், என் வயதுதான் இருக்கும். மகள் எனக்கு முன்னால் போய் நின்றாள். பாதி வழியில் ஒத்திகை பார்த்திருப்பாள் போல, “நாந்தாங்க அந்த விதிய...” என்று தொடங்கினாள். 

“நர்ஸம்மா எல்லாஞ் சொன்னாக” என்றாள் அவள். “பேருக்கு முன்னால ‘எம்’னு ஒரு எழுத்து இருக்குல்ல, அது எங்கய்யா. இந்தத் தோட்டத்துல காடு வெட்டக் கொண்டாந்த ஆளு. அவரப் போயி வேண்டாம்னு எடுத்துட்டியாமே.”

“எடுத்துட்டேங்க.”

“திருப்பிப் போட்டியா?”

“போட்டேங்க. அன்னைக்கே போட்டேன்.”

அவள் நல்ல கையால் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, தையல் போட்ட புருவத்தைச் சுருக்கி, என் மகளின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“அப்ப இந்தத் தடவ வேன் வந்தா, அதுல நான் இருப்பேனா தாயி?”