தொடாதீர்கள் என்று எழுதாத இடம்

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் கூப்பிடுகிற பெயர் 'தொட்டுப்பார்'. சூட்டியவர் மாமா, அதாவது அவள் புருஷன். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் எதைக் கண்டாலும் அக்காவின் கை சும்மா இருக்காது. ஃபிரிட்ஜின் முதுகு, மோட்டாரின் வயிறு என்று புறங்கையை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். கல்யாணமான புதிதில் சாப்பிடக் கூப்பிட்டிருந்த ஒரு வீட்டில், அவர்களுடைய ஃபிரிட்ஜின் முதுகு சுடுகிறது என்று அதைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு வந்தாள். "சாப்பிடப் போன இடத்துல ஃபிரிட்ஜுக்குக் காய்ச்சல் பார்த்தவ" என்று மாமா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அக்கா ஒரு பேக்கரியில் கல்லாவில் இருந்தாள். கல்லாவுக்குப் பக்கத்திலேயே கேக் வைக்கும் கண்ணாடிக் குளிர்பெட்டி. சில மாதத்துக்கு ஒரு தடவை அது மக்கர் பண்ணும். கேக்கின் மேல் க்ரீம் வியர்க்கும். ஒரு மெக்கானிக் வருவார், "கேஸ் போச்சு" என்பார், நிரப்புவார், போய்விடுவார்.

"போன கேஸ் எங்கண்ணே போச்சு?" என்று அக்கா ஒரு முறை கேட்டிருக்கிறாள்.

"காத்துல போச்சும்மா. வேற எங்க போகும்?"

அந்தப் பதில் அவளுக்குச் செரிக்கவே இல்லை.

பேக்கரி இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. மாதக் கடைசியில் கடை மூடல். அன்று சாப்பிடும்போது அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஏசி, ஃபிரிட்ஜ் வேலை கத்துக்கலாம்னு இருக்கேன்."

அம்மா, "பொம்பளை ஏணி வெச்சு ஏறிக்கிட்டு, நல்லாவா இருக்கும்?" என்றாள்.

"பரண்ல ஏறி இறங்குறது இந்த வீட்ல யாரு அத்தே, நானா?" என்றார் மாமா. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் உண்மையான சிக்கல் ஏணி இல்லை. கடை மூடும்போது முதலாளி கொடுக்கப்போகும் பணம் ஒரே ஒரு படிப்புக்குத்தான் காணும். இடம் தப்பாகிவிட்டால் அக்காவுக்கு மிச்சமிருப்பது ஊர்க் கோடியில் இருக்கும் பேக்கிங் கம்பெனி. நாள் முழுக்க நின்றுகொண்டு அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. அவளோடு வேலை பார்த்த ஒருத்தி அங்கே போய்க் கால் வீங்கித் திரும்பியிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து பட்டம் வாங்கியவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். அந்தப் பெருமைக்கு வீட்டில் நிறைய வேலையும் உண்டு. எதில் கையெழுத்துப் போடுவதானாலும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். "மாப்ளே, நீ கூடப் போ. சிரிச்சுப் பேசுறவன்கிட்ட இவ ஏமாந்துடுவா" என்றார் மாமா.

முதலில் போன இடம் நான் தேடிக் கண்டுபிடித்தது. மூன்றே மாதம், படித்ததும் வேலை என்று போட்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு, பளபளக்கும் தரை, டை கட்டிய ஒரு தம்பி. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அக்காவை "மேடம்" என்று கூப்பிட்டார். கல்லாவில் உட்கார்ந்து ஊரையே சார், மேடம் என்று கூப்பிட்டவளுக்கு அது கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

பயிற்சி அறையில் சுவர் நிறைய ஏசிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு அட்டை: 'தொடாதீர்கள்'. அக்காவின் கை பழக்கத்தில் ஒரு குழாயை நோக்கிப் போனது.

"மேடம், மேடம். அது டெமோ பீஸ்."

அக்கா நெருப்பைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

"போன வருஷம் இங்க படிச்சவங்க யாராவது ஒருத்தர் நம்பர் கிடைக்குமா?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் நாங்க வெளிய குடுக்கிறது இல்ல சார். பிரைவசி." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சீட் வேகமா போயிட்டிருக்கு. சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்றார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அதுல ஒண்ணுகூட ஓடலடா. விசிறி மட்டும் சுத்துது. குளிர் மேல சீலிங்லேர்ந்து வருது."

"தொடாமலே எப்படித் தெரிஞ்சுது?"

"மூஞ்சியை வெச்சுப் பார்த்தேன். மூஞ்சியை வெக்கக் கூடாதுன்னு அட்டை போடலையே?"

சிரித்தோம். ஆனாலும் அந்த இடத்தை உடனே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம், வேலை, சான்றிதழ் என்று கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு இடமும் அமையாவிட்டால், அக்காவை டேப் ஒட்ட அனுப்பியவன் நான் என்றாகிவிடும்.

இரண்டாவது இடம் அரசாங்கப் பயிற்சிக்கூடம். ஒரு வருடம், மாலை வகுப்பு. தகரக் கூரை, நுழைந்ததும் எண்ணெய் வாடை. உள்ளே ஒரு பட்டாளமே செத்துக்கிடப்பது போல ஃபிரிட்ஜுகள். கதவு இல்லாதது, முதுகு திறந்தது, குப்புறக் கிடப்பது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்காவுக்கோ கண் விரிந்துவிட்டது.

பயிற்சியாளன் என்னைவிடச் சின்னவன். சட்டையில் பாதி கரி. யாருடனோ போனில் பேசிக்கொண்டே, சுற்றிப் பாருங்கள் என்று கையைக் காட்டினான். அவன் போனை வைப்பதற்குள் அக்கா ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபிரிட்ஜின் முதுகில் புறங்கையை வைத்துவிட்டாள். அட்டை எங்கே என்று தேடினேன். எங்கும் இல்லை.

"இதுக்கு என்னக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவன் வந்தான்.

"மோட்டார் கொதிக்குது. பின்னாடி கம்பி சூடே இல்ல. கேஸ் போச்சு."

"தப்பு" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "கேஸ் இருக்கு. உள்ள முடி மாதிரி ஒரு குழாய் இருக்கும், அது அடைச்சிருக்கு. தொட்டுப் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா நீங்க தொட்ட இடம் சரி. நிறைய பேர் கதவைத் திறந்து உள்ள கையை விடுவாங்க."

அக்காவின் முகம் வாடும் என்று நினைத்தேன். வாடவில்லை. "எப்படி அடைச்சுது?" என்றாள்.

"நாங்கதான் அடைச்சோம். வாரா வாரம் ஏதாவது ஒண்ணைக் கெடுத்து வெப்போம். கெட்ட மெஷின் இல்லாம எதை வெச்சு சொல்லிக் குடுக்கிறது?"

"கேஸ் தானா தீருமா தம்பி? எங்க கடைப் பெட்டிக்கு அடிக்கடி போடறாங்க."

"அது பெட்ரோலாக்கா, தீர்றதுக்கு? ஓட்டை இருந்தாத்தான் போகும். ஓட்டையைத் தேடாம நிரப்பினா திரும்பப் போகும். அவருக்கும் திரும்ப வேலை வரும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பல வருடம் வாயில் வைத்திருந்த கேள்வியைத் துப்பிவிட்ட முகம்.

படித்தவர்கள் நம்பர் கிடைக்குமா என்ற என் கேள்வியை நான் இங்கேயும் விடவில்லை. அவன் யோசிக்காமல் சுவரைக் காட்டினான். போன வருடம் படித்தவர்களின் நம்பர்கள் சாக்பீஸில் இருந்தன. அதில் ஒன்றுக்குப் போன் போட்டேன். காற்றிரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்.

"படிப்பா? முதல்ல கையெல்லாம் சுட்டுக்கிட்டேன். அப்புறம் சரியாயிடுச்சு. குளிர் காலத்துல வேலை இருக்காதுன்னு பயந்தேன். இப்ப மலை ஊர்கள்ல இதே ஏசியைத் திருப்பி ஓட்டி, வெளிய தள்ளுற சூட்டை உள்ள விட்டு வீட்டைச் சூடாக்குறாங்க, அதுக்கும் நம்மளைத்தான் கூப்பிடறாங்க. இருங்க, நான் ஏசி மாட்ட மாடி வெளிச்சுவர்ல தொங்கிட்டிருக்கேன், அப்புறம் பேசவா?"

வைத்துவிட்டாள். எனக்கு அதற்குமேல் எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

"ஒரு இடம்தான் இருக்கு. இன்னைக்கே சொல்லணும்" என்றான் பயிற்சியாளன்.

அக்கா மாமாவுக்குப் போன் போட்டாள். மெஷினைக் கெடுத்து வைத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம் என்றாள். ஒரு வருடம் சாயங்காலம் வீட்டில் இருக்க மாட்டாள், சமையலை அவர்தான் பார்க்க வேண்டும் என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"ஓடுற மெஷினைக் கெடுத்து வெக்கிற இடமா? உனக்குன்னே கட்டி வெச்சிருக்காங்க. சேர்ந்துட்டு வா. சமையலை நான் கெடுத்து வெக்கிறேன்."

அப்பாடா என்று அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். எழுந்தபோது பேன்ட்டில் எண்ணெய்.

கடை மூடிய அன்று முதலாளி மேசை, நாற்காலிகளையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டியை யாரும் சீந்தவில்லை. அக்கா கேட்டதும், "இந்தச் சனியனையா? எடுத்துட்டுப் போம்மா, புண்ணியமா போகும்" என்றார். மாமா ஓட்டுகிற வேனில் ஏற்றிப் பயிற்சிக்கூடத்தில் இறக்கினோம். பயிற்சியாளன் அதைச் சுற்றி வந்தான். "நல்லதாப் போச்சு. இதை நாங்க கெடுக்கிற வேலை மிச்சம்."

வகுப்பு தொடங்கிச் சில வாரம் ஆகியிருக்கும். நான் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது அக்காவின் போன். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"டேய், குமிழி வந்துடுச்சுடா."

"என்ன குமிழி?"

"நம்ம பெட்டிதான். காத்து அடைச்சுட்டுக் குழாய் முழுக்க சோப்பு நுரை தடவினோம். அடியில ஒரு திருகாணி குழாய்ல உரசி உரசி ஓட்டை போட்டிருக்கு. ஊசி முனை அளவுதான். அதுலேர்ந்து குமிழி குமிழியா வருது."

"அப்போ கேஸ் போன இடம்?"

"கண்டுபிடிச்சாச்சு" என்றாள். "போனை வை, ஓட்டையைப் பத்த வெச்சு அடைக்கணும். இந்தத் தடவை நான்."