புளியமரம் வந்ததும்

அறுபதுகளில், கல்யாணமான புதிதில், என் கணவர் எங்கள் திண்டுக்கல் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டார். சென்னைக்குப் பக்கத்தில் கால் மைல் தூரம் நேராக ஓட்டும் பந்தயம் நடக்கப் போகிறதாம். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று கதவுகளை அறுத்தார், மட்கார்டுகளைக் கழற்றினார், பின் சீட்டைக் கோழிகள் படுக்கக் கொடுத்தார். இரும்புக் குழாய்களை வளைத்து, பற்றவைத்து, புதுச் சட்டம் செய்தார். தோல் வாங்கி வந்து ஓட்டுபவர் சீட்டைத் தைத்தது நான்.

எல்லாம் முடிந்தும், இன்னும் எதைக் குறைக்கலாம் என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தவர், குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, நீ ஒருக்கா ஓட்டிப் பாரேன்."

"யேசுவே! விளையாடுறீகளா?"

கொல்லைக்குள் முன்னும் பின்னும் நகர்த்தித்தான் எனக்குப் பழக்கம். ஆனாலும் மறுநாள் காலையில், ரெட்டியார்சத்திரம் போகும் சாலையில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அந்தப் புளியமரம் வந்ததும் பிரேக்கை மிதிச்சிரு," என்றார்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். முதுகில் யாரோ உதைத்தது போல இருந்தது. கத்த வாயைத் திறந்தேன். காற்று வந்து அடைத்தது. புளியமரம் வந்தது, போயிற்று.

வெகுதூரம் தள்ளி, எதிரே ஒரு மாட்டுவண்டி தெரிந்த பிறகுதான் நிறுத்தினேன். அவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பிரேக் பிடிக்கலையா?"

"நல்லாப் பிடிக்குது. மரம் வந்தப்ப நாந்தான் மிதிக்கலை."

அவர் அதிர்ந்துபோய் நின்றார். அவரைவிட அதிர்ந்தவள் நான். யாராவது நில் என்றால் நின்றுவிடுகிறவள் என்றுதான் அதுவரை என்னை நினைத்திருந்தேன்.